வளைந்த பனையடியில் ஒரு கால்

த்ரா ஓன் படகுத்துறை
12 பிப்ரவரி 1998

‘வளைந்த பனை’ அரிசி அப்பளக் கம்பெனி உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்குக் கேட்டு வந்த கடிதம் என்று நினைத்துப் பிரித்திருப்பீர்கள். நான் கேட்பது சரக்கு இல்லை. என் காலைக் கேட்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் பேர் கியெம். இங்கே துறையில் படகு மோட்டார் பழுது பார்க்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் கால் இல்லாதது பெரிய குறையாகத் தெரிவதில்லை. இடது கால், முட்டிக்குக் கீழே கிடையாது. யுத்தத்தில் போனது. போன இடம் உங்கள் த்ராங் பாங் பக்கம்.

இந்தத் தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு என் மகள் ஹான், மீன் சுருட்டிச் சாப்பிட உங்கள் அரிசி அப்பளம் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். உறையில் ஒரு பனைமரம் போட்டிருக்கிறீர்களே, முழங்கையை மடக்கினதுபோல நடுவில் வளைந்து, பக்கத்தில் ஒரு கிணறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீன் ஆறிப்போயிற்று. “என்னப்பா, கவர்ல சினிமா ஏதும் ஓடுதா?” என்றாள் ஹான். அந்தப் பனையை நான் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன், காயம்பட்டுத் தூளியில் படுத்தபடி. உறையைத் திருப்பிப் பிடித்ததும் சந்தேகம் போய்விட்டது.

பாதத்தில் பட்ட காயம் அழுகி மேலே ஏறியது. உங்கள் தோப்பை ஒட்டி எங்கள் மருத்துவக் குடிசை இருந்தது. ரம்பம் கிடையாது, கத்திதான். முட்டியோடு கழற்றினார்கள். கழற்றியதை ஹியெப் என்ற உதவியாள் வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வடக்கத்திக்காரன், என் வயதுதான், ஆனாலும் அண்ணே என்பான். “கியெம் அண்ணே, பனைக்கும் கிணத்துக்கும் நடுவுல வைக்கிறேன். அடையாளத்த மறந்துடாத. சண்ட முடிஞ்சதும் வந்து எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்தன. எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கண் விழித்தது வேறு காட்டில். ஹியெப் எங்கே என்று கேட்டேன், வேறு பிரிவோடு போயிருப்பான் என்றார்கள். அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் கேட்கிறான் என்று நினைப்பீர்கள். போன வருஷம் என் மனைவி சென் தவறிப்போனாள். வீட்டுக்குப் பின்னால் பம்பளிமாஸ் மரத்தடியில் புதைத்திருக்கிறோம். பக்கத்தில் எனக்கு இடம் அவளே அளந்து விட்டிருந்தாள். உயிரோடு இருக்கும்போது அடிக்கடி சொல்வாள்: “இந்த ஜென்மத்துல ஒத்தக் காலோட என்னை ஓட ஓட வேலை வாங்கின. அங்க வரும்போது முழு ஆளா வந்து சேரு. தேங்கா பறிக்க அங்க எவனை நான் தேடுறது?” கேலிதான். ஆனால் கடைசி வாரத்தில் காய்ச்சல் மயக்கத்தில் “கால் வந்துடுச்சா?” என்று கேட்டாள். “வந்துடுச்சு” என்றேன். நிம்மதியாகத் தூங்கினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்க்க அனுமதிப்பீர்களா?

மரியாதையுடன்,
கியெம்


த்ராங் பாங்
2 மார்ச் 1998

கியெம் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அப்பளம் அடுக்குகிற பெண்களில் ஒருத்திதான் எனக்குக் கடிதம் படித்துக் காட்டுவாள். “என் காலைக் கேட்கிறேன்” என்ற இடத்தில் அவள் நிறுத்தி, “அக்கா, இது போட்டிக் கம்பெனிக்காரன் வேலை” என்றாள். மிளகாய் இடிக்கிறவர்கள் உலக்கையை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அரை நாள் வேலை கெட்டது. அதற்கப்புறம் கடிதத்தை வாங்கி நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தப் பதிலும் என் கைப்பட எழுதுவதுதான், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

என் பேர் லுவா. கம்பெனி என்கிறீர்கள், ஆரம்பத்தில் அது ஒரு அடுப்பும் ஒரு காவடிக் கூடையும்தான். பஸ் நிற்கிற இடத்தில் ஓடி ஓடி ஜன்னல் வழியாக விற்றவள் நான். இப்போது லாரியில் போகிறது. வளைத்துப் பேசத் தெரியாது. அதனால் நேராகவே கேட்கிறேன்: உங்கள் கால் எந்தப் பக்கத்துக் கால்? என் வீட்டுக்காரர் சைகோன் படையில் இருந்தவர். கோபித்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

இந்த நிலத்தைத் தோண்டவேண்டும் என்று வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. தங்கம் இருக்கிறது என்று ஒருவன் வந்தான். பழைய குண்டு இரும்புக்கு ஒருவன் வந்தான். கால் கேட்டு வந்தவர் நீங்கள்தான். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு மண்மேடு இருக்கிறது ஐயா. பொய் சொல்ல மாட்டேன். பனைக்கும் கிணற்றுக்கும் நடுவில்.

அதன் கதையைச் சொல்கிறேன். அன்றைக்கு விமானங்கள் போனபிறகு என் மாமியார் பதுங்கு குழியிலிருந்து வந்து பார்த்திருக்கிறார். கிணற்றடி பூராவும் பெயர்ந்து, மண் குவிந்து கிடந்ததாம். குவியலிலிருந்து ஒரு டயர்ச் செருப்பின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு சிப்பாய் என்று புரிந்துவிட்டது. எந்தப் படை என்று தோண்டிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. செருப்பை உள்ளே தள்ளி, கையாலேயே மேலே மண் ஏற்றி, தலைமாட்டில் ஒரு செங்கல்லை நட்டு வைத்துவிட்டார்.

அந்த நாளை அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை. சோறு, மீன் புளிக்குழம்பு, ஒரு அவித்த முட்டை, ஒரு சின்னக் கிண்ணம் அரிசிச் சாராயம். ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து மண்ணில் குத்தி வைப்பார். “தம்பி, சாப்பிடு” என்பார். அடுப்பில் முதலில் எடுக்கும் அப்பளமும் தம்பிக்குத்தான். எங்கள் சரக்கு நன்றாகப் போவதே தம்பியால் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். நானும்தான். அதனால்தான் அந்த இடத்தை உறையில் போட்டேன்.

ஆனால் மாமியார் அதைச் செய்தது வியாபாரத்துக்கு இல்லை. அப்போது என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. மாமியார் சொல்வார்: “இங்க கிடக்கிறவனுக்கு நாம சோறு வச்சா, அங்க எம்புள்ள எங்க கிடந்தாலும் எவளாவது ஒரு புண்ணியவதி வைப்பா.” சண்டை முடிந்து மற்றவர்கள் வந்தார்கள், இவர் வரவில்லை. வீட்டில் மகனுக்குப் படையல் மேடை வைக்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். “படம் வச்சா செத்துட்டான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வேண்டாம். தம்பிக்கு வை, போதும்.” சாகும்போதும் என் கையைப் பிடித்து அதையேதான் சொன்னார்.

இப்போது நீங்கள் வந்து, அது வெறும் என் கால் என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கிழவி ஆயுசு பூராவும் ஒரு காலுக்குச் சோறு போட்டாரா? கால்காரர் த்ரா ஓனில் உட்கார்ந்து மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்! இதற்கு ஈடாக அங்கே அவர் பிள்ளைக்கு யார் வைத்திருப்பார்கள்? ஒரு விரலுக்கா வைத்திருப்பார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் மனைவிக்குச் சொன்ன வாக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மேட்டைத் தொட விட மாட்டேன். உள்ளே இருப்பது எது என்று தெரியாமலே இருக்கட்டும்.

இத்துடன் அரிசி அப்பளமும் மிளகாய் உப்பும் அனுப்பியிருக்கிறேன். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
லுவா


த்ரா ஓன்
20 மார்ச் 1998

லுவா தங்கச்சிக்கு,

தங்கச்சி என்று எழுதிவிட்டேன். உங்கள் உப்பைத் தின்றபிறகு ‘உரிமையாளர் அவர்களுக்கு’ என்று எழுதக் கை வரவில்லை. என் மகள் ஹான் மாசமாக இருக்கிறாள். உப்பு ஜாடி அவள் தலைமாட்டிலேயே இருக்கிறது. மருமகன் மாங்காய் தேடி மரம் மரமாக ஏறுகிறான். “உங்க காலால எனக்கு வந்த வேலையப் பாத்தீங்களா மாமா?” என்கிறான்.

எந்தப் பக்கத்துக் கால் என்று கேட்டீர்கள். காட்டுப் பக்கத்துக் கால், சைகோன் படையை எதிர்த்த பக்கம். அந்த வயதில் அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியிருந்ததை ஹானிடம் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. இல்லாத பாதம் எனக்குச் சில நாள் அரிக்கும், சில நாள் கதகதப்பாக இருக்கும். டாக்டர் அதற்கு ஏதோ காரணம் சொன்னார். இனிமேல் நான் வேறு காரணம் சொல்லிக்கொள்வேன். ஒரு நல்ல அம்மா என்னைத் தம்பி என்று கூப்பிட்டுச் சோறு வைத்திருக்கிறார். அதைப் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனசில்லை. காலைப் பற்றி இனி உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தச் செருப்பு.

என் காலில் செருப்பு இல்லை தங்கச்சி. பாதம் வீங்கிப்போய் எத்தனையோ நாளாக வெறுங்கால்தான். இலையில் சுற்றினபோதும் வெறும் பாதம்தான், என் கண்ணால் பார்த்தேன். கால் தானாகச் செருப்பு மாட்டிக்கொள்ளாது.

ஹியெப் டயர்ச் செருப்புதான் போட்டிருப்பான். வார் அறுந்ததற்குச் சிவப்பு டெலிபோன் கம்பியால் கட்டுப் போட்டிருந்தான். நானும் அவனும் ஒரே உயரம், ஒரே கட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல கால்சட்டை ஒன்றுதான். அதிகாரியைப் பார்க்கப் போகிறவன் உடுத்திக்கொண்டு போவான். அவன் ஊர் வடக்கே ‘தாய் பின்’ என்ற மாகாணத்துப் பக்கம், வீட்டில் எல்லாரும் கோரைப்பாய் பின்னுகிறவர்கள். “சண்ட முடிஞ்சதும் உனக்கு ஒரு பாய் அனுப்புறேன், முட்டிக்கு மேல மட்டும் அளவெடுத்து” என்று, கத்தி வைக்கும் முன் என்னைச் சிரிக்க வைத்தவன் அவன்தான். வேறு பிரிவோடு போய்விட்டான், என்றைக்காவது ஒரு பாய் வரும் என்றே இருந்துவிட்டேன்.

உங்கள் மேட்டில் கிடப்பது என் கால் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. ஹியெபும் அங்கேயே விழுந்திருக்கலாம். தோண்டச் சொல்லி நான் இப்போது கேட்பது எனக்காக இல்லை. அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கேயும் உங்கள் மாமியாரைப்போல யாராவது படம் வைக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

நான் வந்து நிற்க வேண்டியதுதான் முறை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது எலும்பு எடுக்கிற இடத்துக்குப் போகக்கூடாது என்று சம்பந்தி வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதில் அவர்களோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. முடிவு உங்கள் கையில்.

அன்புடன்,
கியெம்


த்ராங் பாங்
4 மே 1998

கியெம் அண்ணனுக்கு,

பதில் தாமதம். வேண்டுமென்றே தாமதித்தேன். உங்கள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் மேட்டுப் பக்கம் போய் நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன். நான் இப்படித் தயங்கி எந்தச் சரக்கையும் வாங்கியதில்லை. வெறும் கால் என்றால் மாமியார் ஏமாந்தார் என்று ஆகும். ஆள் என்றால் தம்பியை நான் இழக்கவேண்டும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம் என்றே கணக்குப் போட்டேன். கடைசியில் ஒருத்தி செருப்பை உள்ளே தள்ளினாளே, இன்னொருத்தி அதை வெளியே எடுக்கப் பயப்படுவதா என்று தோன்றியது.

கல்லறை சுத்தம் செய்யும் நாள் கழிந்து, மழை இறங்குவதற்கு முன்னால் என்று நாள் பார்த்தோம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பையன் நோட்டோடு வந்தான். “அக்கா, இது கால் கேஸா, ஆள் கேஸா? எந்தப் பக்கத்துல எழுதணும்?” என்றான். “முதல்ல மண்ணுக்குள்ள இருக்கிறவர் பதில் சொல்லட்டும். பேனாவ மூடு” என்றேன். தோண்டுவதற்கு ‘உட்’ என்ற பேருள்ள கிழவரைக் கூப்பிட்டேன். இந்த ஜில்லாவில் பாதிப் பேரைப் புதைத்தவர், கொஞ்சப் பேரை எடுத்தும் வைத்தவர். சோறும் முட்டையும் வைத்து, “தம்பி, பயப்படாத. நாங்கதான். மேல வரலாம் வா” என்று நானே சொன்னேன். குரல் மாமியார் குரல் மாதிரியே வந்தது. மிளகாய்ப் பெண்கள் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் செருப்பு வந்தது அண்ணே. வாரில் கம்பி சுற்றியிருந்தது. சிவப்புப் பூச்சு ஒரு நகக்கண் அளவு மிச்சம் இருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தலை, தோள், விலா எல்லாம். முழு ஆள். சட்டைப் பை இருந்த இடத்தில் விழுந்த விமானத்தின் தகட்டில் செதுக்கின ஒரு சீப்பு. சாராயத்தில் கழுவித் துடைத்தால் ‘ஹியெப்’ என்று எழுத்து. உங்கள் நண்பர் எங்கேயும் போகவில்லை. உங்கள் காலோடு இங்கேயே இருந்திருக்கிறார்.

எல்லாரும் அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று உட் கிழவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். என் மாமியார் ஏமாறவில்லை அண்ணே! அவர் வைத்த சோற்றைச் சாப்பிட முழுசாக ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். ஒரு தாயின் பிள்ளை.

இனிமேல்தான் சிக்கல். எலும்பை வெள்ளைத் துணியில் ஆள் படுத்திருக்கிற மாதிரி வரிசையாக அடுக்குவது உட் கிழவரின் பழக்கம். அடுக்கி முடித்துவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். அலுவலகப் பையன் எட்டிப் பார்த்து, “அக்கா, இவருக்கு மூணு கால்!” என்றான். இடது கீழ்க்காலின் பெரிய எலும்பு, ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருக்கிறது. வேறு வேறாகக் கிடந்திருந்தால் தெரிந்திருக்கும். பனை வேர் புகுந்து எல்லாவற்றையும் இழுத்துக் கலைத்துப் போட்டிருக்கிறது. பாதத்துச் சில்லெலும்பெல்லாம் மண்ணாகிவிட்டது, அதைப் பார்த்தும் சொல்ல முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நீளம், ஒரே நிறம். ஒரே கால்சட்டை என்று எழுதியிருந்தீர்களே, சரிதான்.

பையன் சொல்கிறான், “ஏதாவது ஒண்ண அந்தப் பெரியவருக்கு அனுப்பிடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?” வியாபாரத்தில் நானும் அப்படி எத்தனையோ சமாளித்திருக்கிறேன். ஆனால் இது உங்கள் மனைவி பக்கத்தில் வைக்கிற பொருள். நான் தீர்மானிக்க முடியாது. இரண்டும் மண்பெட்டியில் சிவப்புத் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. ஒன்றை அனுப்பு என்று நீங்கள் எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே நான் மடியில் வைத்துக் கொண்டுவந்து தருவேன், எது என்று கேட்கவும் மாட்டேன். ஹியெப் ஊருக்கு, தாய் பின்னுக்கு, ஊராட்சி வழியாகச் செய்தி போயிருக்கிறது. அவர்கள் வருவதற்குள் சொல்லுங்கள்.

தங்கச்சி,
லுவா


த்ரா ஓன்
25 மே 1998

லுவா தங்கச்சிக்கு,

ஹானுக்குப் பெண் குழந்தை. இரண்டு கால்களையும் உதைத்துக்கொண்டு கத்துகிறது. உப்பு தின்ற பிள்ளை, குரல் காரமாகத்தான் இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதலாம் என்றிருந்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சென்னிடம் போனேன். மரத்தடியில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஹியெபைத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் நான் தூக்கத்தில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேனாம். “யாரு அவ?” என்ற மாதிரி கேட்டு என்னை எழுப்பியிருக்கிறாள். இரண்டு எலும்பில் ஒன்று என்னுடையது, ஒன்று அவனுடையது. நான் எடுப்பது அவனுடையதாகப் போய்விட்டால்? என் காலைப் புதைக்கத்தான் அவன் அந்தக் கிணற்றடிக்குப் போனான். அவன் வீட்டுக்காரர்கள் இத்தனை வருஷம் காத்திருந்து பெட்டியைத் திறக்கும்போது, கால் மாறிப்போன பிள்ளையை நான் கொடுக்கலாமா? அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு நான் சென் பக்கத்தில் படுத்தால் அவள் எழுந்து வேறு மரத்தடிக்குப் போய்விடுவாள்.

இரண்டையும் அவனோடு அனுப்பிவிடுங்கள். அவனுக்கு ஒன்று கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். நான் ஒன்று குறைவாகவே போகிறேன். சென்னிடம் சொல்லிவிட்டேன், தேங்காய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று. பொய் சொன்னதற்கு அங்கே போய் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவள் திட்டு எனக்குப் பழகினது.

அழுதுகொண்டே எழுதுவதாக நினைக்காதீர்கள். கொஞ்சம் அழுதேன். இப்போது இல்லை.

இன்னொரு விஷயம். உங்கள் மாமியார் செய்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இங்கே கிடக்கிறவனுக்கு வைத்தால் அங்கே என் பிள்ளைக்கு யாராவது வைப்பார்கள் என்றாரே. ஹியெபுக்கு வைத்தார். என் காலுக்கும் சேர்த்துத்தான் வைத்தார். அப்படியானால் அந்த ‘யாராவது’ யார்? வேறு எவளோ புண்ணியவதி என்று ஏன் தேட வேண்டும்? நான்தான் அந்த ஆள் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டுப் படையல் மேடையில் சென் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் வைக்கிறேன். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று யாராவது கேட்டால், என் தங்கச்சி வீட்டுக்காரர் என்பேன். பழைய சகாக்கள் வந்தால் அவர்களும் ஒரு ஊதுபத்தி வைத்துவிட்டுத்தான் சாராயத்தைத் தொட வேண்டும்.

ஆனால் இத்தனை கடிதத்தில் நீங்கள் அவர் பேரை ஒரு இடத்திலும் எழுதவில்லை. தேடிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், மாமியார் பிள்ளை, அவ்வளவுதான். பேர் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? மனசு வரும்போது எழுதுங்கள். அவசரம் இல்லை.

உங்கள்
கியெம் அண்ணன்


த்ராங் பாங்
30 ஆகஸ்ட் 1998

கியெம் அண்ணனுக்கு,

மழையில் அப்பளம் காயவில்லை, அதுதான் எழுதவில்லை என்று சொல்லலாம். உங்களிடம் அது எடுபடாது. எழுத உட்கார்ந்து எழுந்து போனதுதான் நிஜம்.

முதலில் ஹியெப் தம்பி சமாசாரம். அவருடைய அக்கா வந்திருந்தார். அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டாராம். அக்கா, அந்தக் கால வழக்கப்படி பல்லில் கறுப்பு மை ஏற்றின மனுஷி, வடக்கத்திப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. மூன்றாவது எலும்பைப் பற்றி நான்தான் சொன்னேன், மறைக்க மனசு வரவில்லை. நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். இரண்டையும் கையில் வாங்கி, இதையும் அதையும் தடவிப் பார்த்துவிட்டு, “என் தம்பி யாரையும் பாதி வழியில விடமாட்டான். ரெண்டு பேரும் வாங்கடா, வீட்டுக்குப் போவோம்” என்றார். எங்கள் பெண்கள் ரயில் வரைக்கும் கூடப்போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். உங்கள் கால் இப்போது தாய் பின்னில், கோரை வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு பாய் கொண்டுவந்திருந்தார். தனியாக அனுப்பியிருக்கிறேன். முழு நீளப் பாய்தான், அளவு குறைக்கவில்லை.

மேடு இருந்த இடத்தை நிரவிவிட்டோம். யாரும் அங்கே அப்பளம் காயப்போட மாட்டேன் என்கிறார்கள். ஒரு நாள் பழக்கத்தில் முதல் அப்பளத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டேன். கொடுக்க ஆள் இல்லை. நின்றபடி நானே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஏழாம் மாதப் பௌர்ணமி வருகிறது. அன்றைக்குத்தான் வீடு இல்லாத ஆவிகளுக்கு எல்லாரும் தெருவில் கஞ்சியும் பொரியும் இறைப்பார்கள். வருஷா வருஷம் நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்துவிடுவேன். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் நிற்கிறாரோ என்று பார்க்கப் பயம். இந்த வருஷம் அவர் தெருவில் நிற்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

இங்கே படம் வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. மாமியார் சொன்னது காதிலேயே இருக்கிறது. நீங்கள் முதலில் வையுங்கள். அங்கே இருக்கிறார் என்றால் நான் வந்து பார்ப்பேன். பார்த்துப் பழகினபிறகு இங்கேயும் வைக்கலாம். உங்கள் பேத்தியையும் பார்க்க வேண்டும். தெத் முடிந்ததும் த்ரா ஓனுக்குச் சரக்கு வருகிற லாரியில் வருகிறேன். மீன் சுடச்சொல்லுங்கள், அப்பளம் நான் கொண்டுவருகிறேன்.

அவர் பேர் வோ வான் ஹுவான்.

எழுதிவிட்டேன்.

பாம்பு வருஷத்துப் பிறப்பு. இறந்த நாள் தெரியாது. வீட்டை விட்டுப் போனது மூன்றாம் மாதம் எட்டாம் நாள். அன்றைக்கு அடுப்பில் அப்பளம் இருந்தது, நான் வாசல் வரைக்கும்கூட வரவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். அதையே நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பாகற்காய் வைக்காதீர்கள், முகத்தைச் சுளிப்பார். மிளகாய் உப்பு இல்லாமல் ஒரு வாய் இறங்காது. நான் இந்த உப்பை இடிக்கக் கற்றுக்கொண்டதே அவருக்காகத்தான், கடை அப்புறம் வந்தது. இத்துடன் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன். அதில் உறை ஒட்டவில்லை பாருங்கள், விற்கிற உப்பு இல்லை அது. ஹான் கேட்டால் இதைக் கொடுக்க வேண்டாம், அவளுக்கு வேறு அனுப்புகிறேன்.

கிண்ணத்தை வைத்ததும் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள் அண்ணே. பீரங்கிப் பக்கம் நின்று நின்று அவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம்.

உங்கள் தங்கச்சி,
லுவா